மலையும் நீரும்: சீனர் நிலக்காட்சி ஓவியமும் நிலம் இழந்தோர் வரலாறும்

சீனர் நிலக்காட்சி ஓவியத்தை 'ஷான் ஷுயி' என வழங்குவர். 'ஷான்' என்பது மலை. 'ஷுயி' என்பது நீர். இவ்விரு சொற்களும் இணைந்து நின்று ஒரு கலைத்துறைக்குப் பெயராயின. மேலைநாட்டில் நிலக்காட்சி தனியொரு துறையாக நிலைபெற்றது பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளிலேயாம். சீனத்திலோ கி.பி. பதினோராம் நூற்றாண்டிற்குள் அஃது ஓவியத்துறைகள் பலவற்றினும் முதன்மை பெற்றுவிட்டது.

இவ்வோவியங்களைக் குறித்து எழுதுவோர் பலரும் ஒரு கருத்தை வழிவழியாகக் கூறி வருகின்றனர். உலகியலை வெறுத்து மலை புகுந்தோரின் துறவுள்ளமே இவற்றில் வெளிப்படுகின்றது. மனிதன் இவற்றில் ஒரு புள்ளி அளவினனே. ஆதலின் இவை மக்கள் வரலாற்றோடு தொடர்பு அற்றவை என்பது அக்கருத்து. தாவோ நெறியும் புத்த நெறியும் இக்கலைக்கு உரமூட்டின என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஓவியங்களைத் தனித்தனியே சுவைப்பதை விடுத்து ஆண்டு முறைப்படி அடுக்கி நோக்குவார்க்கு வேறொரு செய்தி புலனாகும். நாடு ஒரு குடைக்கீழ் இருந்த காலத்து எழுதப்பட்ட மலை ஒரு வகை. வடபாதி பறிபோன பின் எழுதப்பட்ட மலை வேறொரு வகை. நாடு முழுதும் அயலார் கைப்பட்ட பின் எழுதப்பட்டது மற்றொரு வகை. இம்மாற்றத்தைச் சுங் மரபினர் காலந்தொட்டு (960-1279) நி ட்சான் மறைந்த 1374 வரை தொடர்ந்து காண்பதே ஈண்டு நம் நோக்கமாகும்.

நிலமும் பொழுதும் மாந்தர் உணர்வும் ஒன்றோடொன்று இயைந்து வருதலைக் கேட்டவுடன் தமிழ் கற்றார்க்கு முதல், கரு, உரி என்னும் திணைப்பாகுபாடு நினைவிற்கு வருதல் இயல்பே. ஒப்புமை காணும் ஆர்வத்தில் நாம் விரைதல் கூடாது. தொல்காப்பியர் நெறியில் இன்ன நிலத்திற்கு இன்ன உரிப்பொருள் என்னும் வரையறை உண்டு. சீன ஓவியர்க்கு அத்தகைய வரையறை இல்லை. ஒரு மலை எவ்வுணர்வைச் சுட்டும் என்பதை அவர்கள் வாழ்ந்த காலமே பெரிதும் முடிவு செய்தது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு மேற்செல்வோம்.

இத்துறைக்கு முதன்முதல் கொள்கை வகுத்தோருள் ட்சொங் பிங் (375-443) குறிப்பிடத்தக்கவர். இளமையில் மலைகள் பலவற்றைக் கண்டு திரிந்த இவர், மூப்பும் நோயும் வந்தபின் தாம் கண்ட மலைகளைச் சுவரில் தீட்டிக் கிடந்தபடியே அவற்றில் உலவினார் என்பது வரலாறு. நிலக்காட்சி ஓவியம் பிறந்தபோதே, செல்ல இயலாத இடத்திற்குச் செல்லும் வழியாகப் பிறந்தது என்பது இதனால் விளங்கும். செல்ல இயலாமைக்கு இங்குக் காரணம் முதுமை. பின்வந்தோர்க்குக் காரணம் வேறாயிற்று.

சுங் மரபினர் கைஃபெங் நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட காலத்தில் வாழ்ந்தவர் ஃபான் குவான். ஏறத்தாழ கி.பி. 1000-ஐ ஒட்டி இவர் வரைந்த 'மலைகட்கும் ஓடைகட்கும் இடையே வழிச்செல்வோர்' என்னும் ஓவியம் தைப்பேயிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. பட்டில் எழுதப்பட்ட இதன் உயரம் 206 சென்டிமீட்டர். அகலம் 103 சென்டிமீட்டர். அவ்வுயரத்தின் பெரும்பகுதியை ஒரே பாறை மலை நிரப்பி நிற்கின்றது. மழைத்துளி விழுந்தாற்போன்ற எண்ணிறந்த தூரிகைக் குத்துக்களால் பாறையின் உடல் ஆக்கப்பட்டுள்ளது. வலப்பக்கத்துப் பிளவில் நூலிழைபோல் ஓர் அருவி, மலையடியில் மூடுபனி, பனிக்கு இப்பால் மரச்செறிவும் அதனிடையே கோயில் கூரைகளும், எல்லாவற்றிற்கும் கீழே ஒரு பாதை. அப்பாதையில் சுமை தாங்கிய சில கோவேறு கழுதைகளும் அவற்றை ஓட்டுவோர் இருவரும் செல்கின்றனர். மேலிருந்து நோக்கத் தொடங்கிய கண் இவர்களைக் காண நெடுநேரம் ஆகும்.

'மனிதன் புள்ளி' என்னும் கொள்கையர் இவ்வோவியத்தையே முதற்சான்றாகக் காட்டுவர். ஆயின் அப்புள்ளிகள் யார் என்று அவர்கள் கேட்பதில்லை. அவர் துறவியர் அல்லர். சரக்கு ஏற்றிச் செல்லும் தொழிலாளர். பாதை செம்மையாக உள்ளது, கோயில் பேணப்பட்டுள்ளது. மலை பெரிதெனினும் மனிதன் தன் வேலையைச் செய்ய இடந்தருவதாகவே அமைந்துள்ளது. ஓவியர் தம் பெயரையும் இக்கழுதைக் கூட்டத்தின் பின்னால், இலைகளுக்கு இடையே, கண்ணிற்குத் தோன்றாதவாறு எழுதி வைத்தார். 1958-இல்தான் அருங்காட்சியக அறிஞர் ஒருவர் அதனைக் கண்டுபிடித்தார். தம் பெயர் வைக்க மலையுச்சியை நாடாது சுமைகாரர் பின்னே இடம் தேடிய ஓவியரைத் துறவுள்ளத்தினர் என்று மட்டும் கூறி அமைவது பொருந்துமா என்பதைக் கற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஃபான் குவானுக்குப் பின் வந்த குவோ சி, ஷென்ட்சொங் மன்னர் (ஆட்சி 1067-1085) அவையில் விளங்கியவர். இவர் கருத்துகளை இவர்தம் மகனார் நூலாகத் தொகுத்துள்ளார். கற்றோர் மலையை விரும்புவது ஏன் என்னும் வினாவுக்கு அந்நூல் கூறும் விடை நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. அரசுக் கடமையும் பெற்றோரைப் பேணும் கடமையும் உடையவர் அவற்றை விட்டு மலைக்கு ஓடுதல் அறமன்று. ஆகவே மலை அவர் இருக்கும் கூடத்திற்கு வரவேண்டும். வருவிப்பது ஓவியன் தொழில் என்பது அதன் கருத்து. இது துறவுக் கொள்கைக்கு நேர்மாறானது. மலையைக் காணும் நிலை மூன்று என்பதும் அவர் வகுத்ததே: அடியில் நின்று உச்சியை அண்ணாந்து நோக்கல், முன்மலையினின்று பின்மலையை ஊடுருவி நோக்கல், அண்மையினின்று தொலைவைப் பரக்க நோக்கல். பெருமலையை அரசனுக்கும், சூழ்ந்த குன்றுகளை அவன் அவையினர்க்கும் ஒப்பிட்டுக் கூறுவதும் அவர் வழக்கம்.

அவரது 'இளவேனில் தொடக்கம்' 1072-இல் எழுதப்பட்டது. ஆண்டும் பெயரும் ஓவியத்திலேயே உள்ளன. பனிக்கட்டி உருகி, மூடுபனி எழுந்து, மலை முழுதும் அசைவது போலத் தோன்றும் இவ்வோவியத்தில், கீழே இடப்பக்கம் மீனவர் குடும்பம் ஒன்று கரையேறுகின்றது. கைக்குழந்தையோடு ஒரு பெண் நடக்கின்றாள். வாங் அன்ஷி என்னும் அமைச்சர் வேளாண்மை, வரி, படை ஆகியவற்றில் புதுச்சட்டங்களை 1069 முதல் கொணர்ந்துகொண்டிருந்த காலம் அது. குளிர்நீங்கிப் புத்துயிர் பெறும் மலை, திருத்தம் பெறும் அரசின் குறியீடு என்று இக்கால ஆய்வாளர் சிலர் கருதுவர். அவ்வாறு உறுதியாகக் கூற இயலாதெனினும், மன்னர் அவைக்கென எழுதிய ஓவியத்தில் குழந்தையோடு வரும் மீனவப் பெண்ணுக்கு இடம் இருந்தது என்பது உறுதி.

இம்மன்னர் காலத்திலேயே, 1077-இல், சோழ நாட்டுத் தூதுவர் சீன அவைக்குச் சென்றனர். 1015, 1033 ஆகிய ஆண்டுகளின் தூதுகளுக்குப் பின் சென்ற இத்தூது முதற் குலோத்துங்கன் காலத்தது. 81,800 கோவைச் செப்புக்காசு பெற்று மீண்டனர் எனச் சீனக் குறிப்புகள் கூறும். குவோ சியின் ஓவியங்கள் அரண்மனைச் சுவர்களில் விளங்கிய காலமும் அதுவே. தூதுவர் அவற்றைக் கண்டனர் என்பதற்குச் சான்றில்லை. காலம் ஒன்று என்பதற்குமேல் நாம் கூறத் துணியோம்.

அவ்வோவியங்கள் பின்னர் அடைந்த நிலையை டெங் சுன் என்பார் 1167-ஐ ஒட்டி எழுதிய ஓவிய வரலாற்றில், தம் குடும்பச் செய்தியாகக் குறித்துள்ளார். அவர் தந்தையார் ஒருநாள் வேலையாள் ஒருவன் மேசை துடைக்கும் பட்டுத்துணியை உற்றுநோக்க, அது குவோ சியின் ஓவியமாக இருந்ததாம். புதிய மன்னர்க்குப் பழைய ஓவியர்மீது விருப்பம் மிகவே, சுவரிலிருந்தவை அகற்றப்பட்டுத் துடைப்புத்துணியாயின. ஒரு தலைமுறை போற்றிய மலை அடுத்த தலைமுறைக்குக் கந்தலாதல் நம் ஏட்டுச்சுவடிகளின் வரலாறு அறிந்தார்க்கு வியப்பாகாது.

அப்புதிய மன்னர் ஹுயிட்சொங் (ஆட்சி 1100-1126). தாமே சிறந்த ஓவியர். இவர் காலத்தில் வாங் சிமெங் என்னும் பதினெட்டு வயது இளைஞர் 1113-இல் அளித்த 'ஆயிரம் காதம் ஆறும் மலையும்' என்னும் நெடுஞ்சுருள் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுடையது. நீலமும் பச்சையும் ஒளிரும் அச்சுருளில் நாடே ஒரு கையேட்டில் அடங்கியது போலத் தோன்றும். நாட்டையே சுருட்டி வைத்துக்கொள்ளும் இவ்வேட்கை ஓவியத்தோடு நிற்கவில்லை. மன்னர் தலைநகரில் 'கென்யுவே' என்னும் செயற்கை மலையை எழுப்பினார். அதற்கென அரிய பாறைகளும் மரங்களும் தென்னாட்டிலிருந்து கால்வாய் வழியே கொணரப்பட்டன. பாறை சுமந்த படகுகள் செல்வதற்காகப் பாலங்கள் இடிக்கப்பட்டன. குடிமக்கள் தோட்டத்துக் கல்லும் அரசுடைமையாயிற்று. 1120-இல் ஃபாங் லா என்பவன் தலைமையில் தென்னாட்டில் மூண்ட கலகத்திற்கு இக்கொடுமை முதன்மையான காரணங்களுள் ஒன்று. சில ஆண்டுகளில் ஜுர்சென் படை தலைநகரை முற்றுகையிட்டபோது, அச்செயற்கை மலையின் மரங்கள் விறகாயின. பாறைகள் கவண்பொறிக்குக் கல்லாயின. மான்கள் படைவீரர்க்கு உணவாயின. 1127-இல் ஹுயிட்சொங் சிறைப்பட்டு வடக்கே கொண்டுசெல்லப்பட்டு, 1135-இல் அங்கேயே மாண்டார். இயற்கையின்பால் அன்பு என்று நாம் எளிதாகக் கூறிவிடும் ஒன்று, அதிகாரத்தோடு சேர்ந்தால் குடிகளை எவ்வாறு வருத்தும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கலை வரலாற்றில் அரிது.

வடநாடு பறிபோயிற்று. எஞ்சிய அரசு ஹாங்சௌ நகரில் நிலைபெற்றது. இரு காலத்தையும் கண்ட ஓவியர் லி தாங். 1124-இல், வீழ்ச்சிக்கு மூன்று ஆண்டுகள் முன்னர், இவர் எழுதிய 'பள்ளத்தாக்குகளில் பைன்மரக் காற்று' என்னும் ஓவியத்தில் மலை இன்னும் ஓங்கியே நிற்கின்றது, மனிதர் இலர். தெற்கே வந்தபின் இவர் எழுதியதாகக் கொள்ளப்படும் ஓவியம் ஒன்றில், பகை அரசின் தானியத்தை உண்ண மறுத்து மலையில் கீரை பறித்துண்டு இறந்த போயி, ஷுசி என்னும் பழங்கால உடன்பிறந்தார் இருவரைக் காண்கிறோம். அங்கே மலை பின்னணியாகச் சுருங்கிவிட்டது. இரு மனிதரும் முன்னே பெரியராய் அமர்ந்து பேசுகின்றனர். நிலத்தை இழந்தவுடன் மனிதன் ஓவியத்தில் பெரியவனானான் என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

அடுத்து வந்த மா யுவான், சியா குய் ஆகியோர் ஓவியங்களில் காட்சி ஒரு மூலைக்கு ஒதுங்குகின்றது. ஒரு மூலையில் பாறையும் வளைந்த பைன்மரமும்; எஞ்சிய பட்டு வெற்றிடம். பின்னாளையோர் இவர்களை 'ஒருமூலை மா', 'ஒருபக்கச் சியா' என்று பெயரிட்டு, எஞ்சிய நாட்டின் எஞ்சிய மலைநீரே இவை என இடித்துரைத்தனர். அழகிய விளக்கம், ஆயின் முழுதும் ஏற்பதற்குத் தடை உண்டு. இவ்வோவியர் சிறந்து விளங்கியது பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியும் அடுத்ததன் தொடக்கமும் ஆகும். வடநாட்டை அவர்கள் அரசின்கீழ் கண்டவரல்லர். மேலும், வெற்றிடத்தில் மன்னரும் அரசி யாங் அம்மையாரும் பாட்டெழுதுவதற்கு இடம் வேண்டியிருந்தது. அவையின் சுவையும் சிற்றேட்டு ஓவியங்களின் அளவும் மூலைக்காட்சிக்குக் காரணமாயின எனல் தகும். இழப்பைக் குறித்தே இவர்கள் எழுதினர் என்பது பின்னோர் தம் துயரை முன்னோர் பட்டில் படித்ததன் விளைவு எனவே நமக்குப் படுகின்றது.

1279-இல் மங்கோலியர் தென்னாட்டையும் வென்று முடித்தனர். ஜெங் சிசியாவ் (1241-1318) என்பார் அதன்பின் ஆர்க்கிட் செடிகளை மண்ணின்றி வரைந்தார். 1306-ஆம் ஆண்டினதாகிய அத்தகைய ஓவியம் ஒன்று ஒசாகா நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. இலைகள் வெற்றுத்தாளில் மிதக்கின்றன. மண்ணைப் பிறர் கவர்ந்துகொண்டனர் என்பது அவர் கூறிய காரணமாக வழங்கும். நிலக்காட்சி ஓவிய வரலாற்றில் நிலத்தை எழுதாமையே ஒரு கூற்றானது இங்குத்தான்.

இதே காலத்தில் எழுந்த ஓர் ஓவியத்தை நாம் சற்று விரிவாகக் காணல் வேண்டும். ஜாவ் மெங்ஃபு (1254-1322) சுங் அரசகுலத்தில் தோன்றியவர். எனினும் 1286-இல் மங்கோலிய அரசின் அழைப்பை ஏற்றுப் பணிபுரிந்தார். அதன்பொருட்டு அவரைப் பழித்தோர் பலர். அவர் நண்பர் ஜோ மி (1232-1298) அப்பணியை ஏற்காது ஹாங்சௌவில் வாழ்ந்து, அழிந்த தலைநகரின் தெருக்களையும் விழாக்களையும் நினைவிலிருந்து நூலாக எழுதியவர். ஜோ மியின் முன்னோர் வடக்கே ஜிநான் நகரினர். 1127-இன் அழிவில் தெற்கே வந்த குடும்பம் அது. ஜோ மி தெற்கே பிறந்தவர், ஜிநானைக் கண்டறியாதவர். எனினும் தம்மை ஜிநானை அடுத்த ஹுவா மலையினர் என்றே கூறிக்கொண்டு, அப்பெயராலும் எழுதினார்.

ஜாவ் மெங்ஃபு அரசுப்பணியாய் ஜிநானில் சில ஆண்டுகள் இருந்து 1295-இல் மீண்டார். நண்பர்க்கு அவ்வூர் மலைகளைப் பற்றிக் கூறினார். சொல்லால் நிறைவுறாமல் ஓவியமும் எழுதித் தந்தார். 'சுவே, ஹுவா மலைகளின் இலையுதிர்கால நிறங்கள்' எனப்படும் அச்சுருள் 1296-ஆம் ஆண்டினது. உயரம் 28 சென்டிமீட்டரே. வலப்பக்கம் கூரிய ஹுவா மலை; இடப்பக்கம் குவிந்து பரந்த சுவே மலை; இரண்டும் நீலம். இடையே சதுப்பும் நாணலும், சிவந்தும் பழுத்தும் நிற்கும் மரங்கள், தாழ்ந்த குடில்கள், மேயும் ஆடுகள், மீனவர் படகுகள். அளவுகள் வேண்டுமென்றே பொருந்தாமல், மிகப்பழைய ஓவியங்களைப் போல எழுதப்பட்டுள்ளன. மேலே தம் கையெழுத்தில், இதனை எழுதியதன் காரணத்தைக் குறித்து, சுவே மலை ஹுவாவுக்குக் கிழக்கே உள்ளது என்றும் முடித்தார்.

உண்மையில் சுவே மலை உள்ளது மேற்கே. இப்பிழையைப் பின்னாளில் கண்டறிந்தவர் சியன்லோங் பேரரசர். 1748-இல் ஜிநானுக்குச் சென்றபோது ஓவியத்தை அரண்மனையிலிருந்து வருவித்து, நிலத்தோடு ஒப்பிட்டுத் திசை தவறாயிருத்தலைக் கண்டார். மூன்றாண்டு அங்கு வாழ்ந்த அதிகாரிக்குத் திசை தெரியாதா என்று வினவுவோர் உளர். மறதியோ, எழுத்துப் பிழையோ, அறியோம். ஒன்று மட்டும் கூறலாம். பேரரசர் நிலத்தில் நின்று ஓவியத்தைப் பார்த்தார். ஜோ மிக்கு ஓவியத்தையன்றி நிலம் இல்லை. 170 ஆண்டுகளுக்கு முன் முன்னோர் விட்டுவந்த ஊரை, அவ்வூரையாளும் அரசுக்குத் தொண்டு செய்யும் நண்பர் கையால், தாளில் பெறுகின்றார் அவர். பெற்ற இரண்டு ஆண்டில் இறந்தும் போனார். தாம் ஏற்ற பணிக்கு ஜாவ் மெங்ஃபு நண்பர்க்குக் கூறிய மறுமொழியாகவும் இச்சுருளைக் கொள்ளலாம் என்பது எம் கருத்து: அப்பணியை ஏற்றிராவிடின் அவர் அம்மலைகளைக் கண்டிருக்க இயலாது.

இவ்வரிசையில் இறுதியாக நிற்பவர் நி ட்சான் (1301-1374). ஊசி நகரத்துப் பெருஞ்செல்வர். வரிச்சுமையும் கலகங்களும் மிக்கபோது உடைமைகளைத் துறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தை ஏரிப்புறத்தில் படகிலும் கோயில்களிலும் நண்பர் இல்லங்களிலும் அலைந்தார். அவர் ஓவியங்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. முன்னே சிறு கரை, சில மெலிந்த மரங்கள், ஆளில்லாத ஒரு குடில்; இடையே ஒன்றும் எழுதாத தாள், அதுவே நீர்; அப்பால் தாழ்ந்த குன்றுகள். ஃபான் குவானின் பாதையில் சென்ற சுமைகாரர் இங்கு இலர். குவோ சியின் மீனவப் பெண்ணும் இலள். அயலார் ஆட்சியே இவ்வெறுமைக்குக் காரணம் எனப் பலர் கூறுவர். மங்கோலியர் 1368-இல் வெளியேற்றப்பட்டு உள்நாட்டு மரபினரான மிங் அரசர் வந்த பின்னரும் நி ட்சானின் குடிலுக்குள் ஒருவரும் வந்து அமரவில்லை என்பதை அவர்கள் மறந்தனர். புதிய மன்னரும் அப்பகுதி நிலக்கிழார்மீது கடுவரி விதித்தார். பலரை ஊர்விட்டு அகற்றினார். வீடு இழந்தவனுக்கு ஆள்வோர் இனம் ஒரு பொருட்டன்று போலும்.

1372-இல் அவர் எழுதிய 'ரோங்சி அறை' என்னும் ஓவியத்திலும் குடில் வெறுமையாகவே உள்ளது. 'ரோங்சி' என்பதற்கு, முழங்கால் கொள்ளும் அளவு இடம் என்பது பொருள். இரண்டு ஆண்டு கழித்து, அதனை வைத்திருந்த நண்பர் மீண்டும் கொணர்ந்து, ஒரு மருத்துவருக்குப் பரிசளிக்க வேண்டும், பாட்டு எழுதித் தருக என வேண்டினார். 'ரோங்சி அறை' என்பது அம்மருத்துவர் ஓய்ந்திருக்கும் அறையின் பெயர். அது இருந்தது நி ட்சானின் சொந்த ஊரில். நி ட்சான் ஓவியத்தின் மேல் எழுதினார்: அவ்வூரே தம் பிறந்த ஊர் என்றும், என்றேனும் ஊர் திரும்பி, அவ்வறையில் ஏறி, மதுக்கிண்ணம் ஏந்தி, இவ்வோவியத்தை விரித்து வைத்து, மருத்துவர் நெடிது வாழ வாழ்த்துவதே தம் விருப்பம் என்றும் குறித்தார். அது 1374-ஆம் ஆண்டின் மூன்றாந் திங்கள். அவ்வாண்டு முடிவதற்குள் அவர் மறைந்தார்.